கையெழுத்து

இன்று காலை மகப்பேறு மருத்துவமனை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம், "வீட்டுக்காரர் கையெழுத்து எங்கம்மா?" என்று செவிலியர் கேட்டார்.

அவர் பதில் சொல்லாமல் கருக்கலைப்புக்கான ஒப்புதல் படிவத்தை நான்காக, பிறகு எட்டாக மடித்துக்கொண்டிருந்தார்.

18 வயது நிறைந்த பெண்ணின் ஒப்புதலே போதும் என்கிறது 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம். அதே ஆண்டில்தான் அமெரிக்க மெய்யியலாளர் ஜூடித் ஜார்விஸ் தாம்சன், கருவுக்கு வாழும் உரிமை உண்டென்றே வைத்துக்கொண்டாலும், இன்னொருவரின் உடலைப் பயன்படுத்தும் உரிமையை அது தந்துவிடாது என்று வாதிட்டார்.

கருவின் உயிரை அற்பமாக எண்ண என்னால் இயலவில்லை. ஆனால், சுமக்க வேண்டியவர் கண்ணெதிரே நிற்கையில், வராதவரின் கையெழுத்தை ஏன் தேடுகிறோம்?

"உங்க கையெழுத்தே போதும்மா, சட்டம் அப்படித்தான் சொல்லுது" என்றேன்.

அவர் மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.