கேட்பாஸ் யாரோட வேலை?

"இந்த வேலை யாரோடதுண்ணா? கன்டெய்னரோடதா, ட்ரெய்லரோடதா, பில்லோடதா? சொல்லுங்க, அங்க வெச்சிடுறேன்."

என்னோடு கோட் எழுதும் பெண் நக்கலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். கன்டெய்னர் யார்டை விட்டு வெளியே போக விடும் சீட்டுதான் கேட்பாஸ்; அதைப் போடும் கோடை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. "கேட்பாஸ் மாடல்ல போடும்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். மண்ணடியில் நேரம் தாண்டினால் பிரியாணி தீர்ந்துவிடும்.

எழுதியது கேக்பிஎச்பி 2-இல், அது வெப் அப்ளிகேஷன் எழுதும் பிஎச்பி ஃப்ரேம்வொர்க். அதில் டேபிளுக்கு ஒரு மாடல்; பிரவுசரிலிருந்து வருவதை வாங்கி வேலை செய்வது கன்ட்ரோலர். அவளுடைய கன்ட்ரோலர் தலையில், எந்தெந்த மாடல் வேண்டும் என்று சொல்லும் யூசஸ் வரியில், ஐந்து மாடல். மாடல்களை ஒன்றோடொன்று இணைக்கும் அசோசியேஷன் சரியாகப் போட்டிருந்தால் பாதியைக் கேட்பாஸ் வழியாகவே பிடித்துவிடலாம். ஆனால் என் எரிச்சல் அதனால் இல்லை. கஸ்டம்ஸ் அவுட் ஆஃப் சார்ஜ் (சரக்கை எடுக்க அனுமதி) வந்ததா, லைன்காரர் (கப்பல் கம்பெனி) டெலிவரி ஆர்டர் கொடுத்தாரா, பணம் கட்டியாச்சா என்று பார்ப்பது முதல் ட்ரெய்லரை 'லோடு' என்று மாற்றுவது வரை எல்லாம் கன்ட்ரோலரின் ஒரே ஃபங்ஷனில், அதாவது ஒரே ஆக்‌ஷனுக்குள். பிரவுசர் இல்லாமல் ஓடி ராத்திரி மொத்தமாகப் பாஸ் போடும் ஷெல் புரோகிராமும் இதையேதான் செய்ய வேண்டும். கன்ட்ரோலருக்குள் கிடப்பதை அது எப்படிக் கூப்பிடும்? காப்பியடித்து ஒட்ட வேண்டியதுதான். அந்த விஷயத்தில் நான் சொன்னது சரி.

அப்புறம் மணலி யார்டிலிருந்து போன். "சார், வண்டி பிரேக்டவுன். வேற வண்டி போட்டு பாஸ்ல நம்பர் திருத்திட்டோம். இன்னா சார், பழைய வண்டியே லோடுன்னு காட்டுது, புது வண்டி கேட்டுல நிக்குது."

வேலையை அவள் கேட்பாஸ் மாடலில், பதிவு சேவ் ஆனதும் தானாக ஓடும் ஆஃப்டர்சேவுக்குக் கொண்டுபோயிருந்தாள். புதுப் பதிவா, திருத்தமா என்று அதற்குத் தெரியும்; எழுத்துப்பிழை திருத்தும்போதெல்லாம் கன்டெய்னர் மறுபடி வெளியே போகக் கூடாதே என்று புதுசுக்கு மட்டும் ஓட விட்டிருந்தாள். நியாயமான யோசனை. ஆனால் வண்டி நம்பரைத் திருத்தியபோது அது ஓடவில்லை; ஓடியிருந்தாலும் பழைய வண்டி எது என்று ஆஃப்டர்சேவுக்குத் தெரியாது. கேக் 2 பழைய மதிப்பை வைத்துக்கொள்ளாது, சேவுக்கு முன் ஓடும் பிஃபோர்சேவில் நாமே படித்து வைக்க வேண்டும். அவளுடைய பழைய கன்ட்ரோலரில், திருத்தும் ஆக்‌ஷனில், பழைய வண்டியை விடுவிக்கும் வரி இருந்தது. மேலிருந்து கீழே படித்தால் யாருக்கும் புரியும். கன்ட்ரோலர் அடுத்த மாடலைத் தொடக் கூடாது என்று நான் சொன்னதால் அதுவும் போயிற்று. எடுக்கச் சொல்லவில்லையே, இடம் மாற்றத்தானே சொன்னேன்? அப்படித்தான் அன்றைக்கு மீட்டிங்கிலும் சொன்னேன். அவள் எதுவும் பேசவில்லை.

யார்டில் போய் நின்று பார்த்தால் அந்த வேலை கன்டெய்னருடையதும் இல்லை, ட்ரெய்லருடையதும் இல்லை. பேப்பரையும் சீல் நம்பரையும் சரிபார்த்து கேட்டைத் திறக்கச் சொல்கிறாரே, அந்த கிளார்க்குடையது. அப்படியானால் அதற்கென்று தனி கிளாஸ், டேபிள் இல்லாமல். இப்போதெல்லாம் அப்படித்தான் எழுதச் சொல்கிறேன். எழுதினால் அந்த கிளாஸுக்கும் அதே ஐந்து மாடல் வேண்டும். "இப்ப மட்டும் என்ன மாறிடுச்சு?" என்று அவள் கேட்டிருப்பாள். ஷெல் கூப்பிட முடியுமே என்று சொல்லியிருப்பேன்.

ராத்திரியில் மொத்தமாகப் பாஸ் போடுவதை யார்டில் எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.