படத்துக்குக் கீழே இரண்டு வரிகள்

புகைப்படக் கண்காட்சிகளில் படம் எடுப்பது என் வேலை அல்ல. மற்றவர்கள் எடுத்துவந்த படங்களைத் தேர்ந்தெடுத்து, பிரிண்ட் போடக் கொடுத்து, சுவரில் மாட்டி, ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதுகிறேன். தொடக்க நாளன்று படம் எடுத்தவரையும் படத்தில் இருப்பவரையும் ஒரே மேடையில் உட்காரவைத்துப் பேச்சை நடத்துவதும் என் பொறுப்பு. எங்களிடம் வருபவை பெரும்பாலும் மனித உரிமை சார்ந்த படங்கள்: மலக்குழி மரணங்கள், கொத்தடிமைகள் மீட்கப்பட்ட செங்கல் சூளைகள், குடிசைகளை இடித்து அப்புறப்படுத்திய பகுதிகள், காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள். இத்தனை ஆண்டுகளில் ஒன்று எனக்குத் தெளிவாகியிருக்கிறது. ஒரு படம் பார்ப்பவரிடம் இரக்கத்தைக் கேட்கிறதா, நீதியைக் கேட்கிறதா என்பதைப் பல நேரங்களில் அதற்குக் கீழே இருக்கும் இரண்டு வரிகளே முடிவுசெய்கின்றன.

பாதாளச் சாக்கடைக் குழியிலிருந்து ஒருவர் மேலேறி வருகிறார். இரண்டு உள்ளங்கைகளும் தார்ச் சாலையில் ஊன்றியிருக்கின்றன. தலைமுடியிலிருந்து கறுப்புச் சேறு நெற்றியில் வழிகிறது. இப்படிப்பட்ட படத்தோடு வழக்கமாக வரும் குறிப்பு, ‘கழிவுநீர்க் குழாயைச் சுத்தம் செய்யும் தொழிலாளி, சென்னை’ என்பதுதான். அதில் பிழை எதுவும் இல்லை. ஆனாலும், மழை பெய்வதைப் போல இது தானாக நடக்கிறது என்ற எண்ணத்தை அது விதைத்துவிடுகிறது. அவரை இறக்கியவர் யார்? முகக்கவசமும் கயிறும் ஏன் இல்லை? மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குவது குற்றம். நேரடியாக அமர்த்தினாலும் காண்ட்ராக்டர் மூலம் அமர்த்தினாலும் குற்றம்தான். முதல் முறைக்கே இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். இதைக் குறிப்பில் சேர்த்தவுடன், சுவரில் தொங்குவது ஓர் ஏழையின் படமாக இருப்பதில்லை. ஒரு குற்றத்தின் சாட்சியமாகிவிடுகிறது.

இந்த வேலையில் எனக்கு ஆசான் என்று சொல்லத்தக்கவர் லூயிஸ் ஹைன். அமெரிக்காவில் 1908 முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக நூற்பாலைகளிலும் சுரங்கங்களிலும் படம் எடுத்தவர். வேடம் மாற்றி உள்ளே நுழைவார்; சில இடங்களில் பைபிள் விற்பவர், சில இடங்களில் தீயணைப்பு ஆய்வாளர். குழந்தைகளின் உயரத்தைத் தம் கோட்டின் பொத்தான்களை அளவாகக் கொண்டு கணக்கிட்டு, பைக்குள் கையை வைத்தபடியே குறித்துக்கொள்வார். தென் கரோலினாவின் லங்காஸ்டர் பஞ்சாலையில் 1908 நவம்பர் 30 அன்று அவர் எடுத்த படத்தில், நூற்பு இயந்திர வரிசைக்குப் பக்கத்தில் ஒரு சிறுமி நிற்கிறாள். அதற்கு அவர் எழுதிய குறிப்பில் அவள் பெயர் இருக்கிறது. 48 அங்குல உயரம் என்றிருக்கிறது. அரை ஆண்டாக வேலை செய்கிறாள் என்றிருக்கிறது. ஆலையின் பெயர், ஊர், தேதி எல்லாம் இருக்கின்றன. ‘பாவம்’ என்ற பொருள் தரும் ஒரு சொல்லும் கிடையாது.

அந்தப் படங்கள் கண்காட்சிப் பலகைகளில் ஒட்டப்பட்டு மாநாடுகளுக்கும் பொருட்காட்சிகளுக்கும் போயின. விளக்கொளியில் திரையிட்டுக் காட்டிப் பேச்சுகளும் நடந்தன. ஆலை முதலாளிகளால் அவற்றைப் பொய் என்று எளிதில் தள்ள முடியவில்லை. 1916இல் குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தும் ஒரு சட்டம் வந்தது. 1918இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நிலைத்து நின்ற கூட்டாட்சிச் சட்டம் 1938இல்தான் வந்தது. படம் எடுத்தவுடன் உலகம் மாறிவிட வேண்டும் என்று ஏங்கும் இளம் புகைப்படக்காரர்களிடம் இந்த முப்பது ஆண்டுகளைப் பற்றித்தான் முதலில் பேசுவேன்.

எங்கள் நடைமுறை ஒன்று உண்டு. தொடக்க விழாவுக்கு முன்பே படத்தில் இருப்பவர்கள் வந்து பார்க்க வேண்டும். செப்டிக் டேங்கில் கணவரைப் பறிகொடுத்த ஒரு பெண் அப்படி வந்திருந்தார். சன் போர்டில் ஒட்டிய படங்களைச் சுவரில் ஏற்றிக்கொண்டிருந்தோம். பசை இன்னும் காயவில்லை. அவர் இருக்கும் படத்தில், வாசற்படியில் உட்கார்ந்து, மாலை போட்ட கணவரின் படத்தை மடியில் வைத்திருக்கிறார். புகைப்படக்காரர் கொடுத்திருந்த குறிப்பு: ‘தூய்மைப் பணியாளரான கணவரை இழந்து ஆறாத் துயரில் ஓர் இளம் தாய்.’ அவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, “சார், அவர் பெயிண்டர்” என்றார்.

அன்றைக்குப் பெயிண்டிங் வேலை இல்லை. தெரிந்த மேஸ்திரி ஒருவர், ஒரு மணி நேர வேலைதான் என்று சொல்லி அழைத்துப் போயிருக்கிறார். முதலில் இறங்கியவர் மயங்கி விழுந்ததும், அவரைத் தூக்க இறங்கியவர்தான் இவருடைய கணவர். கயிறுகூடக் கொடுக்கவில்லை. இதையெல்லாம் ஏன் எழுதவில்லை என்று கேட்டார். துயரம் முகத்திலேயே தெரிகிறதே, அதை எழுத்தில் வேறு எதற்கு எழுத வேண்டும் என்றும் கேட்டார். எப்போதோ ஒரு நாள் கட்டாயத்தில் செய்த வேலையைத் தொழிலாக எழுதிவிட்டால், அது தன் பிள்ளைகளின் பெயரோடும் ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சமும் அவருக்கு இருந்தது. இந்த வேலையில் தள்ளப்படுவோரில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள் என்பதை அறிந்த யாருக்கும் அந்த அச்சத்தின் ஆழம் புரியும்.

குறிப்பை அவரோடு உட்கார்ந்து புதிதாக எழுதினேன். கணவரின் பெயர், தொழில், இறந்த தேதி, காப்பாற்ற இறங்கியவர் என்ற விவரம், காவல் நிலையம், வழக்கு எண். 1993 முதல் சாக்கடைகளில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா பத்து லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் உத்தரவிட்டதும், 2023 அக்டோபரில் அத்தகைய மரணங்களுக்கான தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியதும் ஒரு வரி. அதற்குக் கீழே, அந்தக் குடும்பத்தின் கைக்கு வந்தது எவ்வளவு என்பது ஒரு வரி. மேஸ்திரியின் பெயரையும் போட வேண்டும் என்றார். வழக்கு நடக்கும்போது அது வழக்கையே கெடுக்கக்கூடும் என்று எங்கள் வழக்கறிஞர் விளக்கியபின் ஒப்புக்கொண்டார். துயரம் என்ற சொல் போயிற்று. அச்சிட்ட குறிப்பை அவருடைய தம்பி செல்போனில் படம் எடுத்துத் தங்கள் வக்கீலுக்கு அனுப்பினார்.

எல்லாப் படத்துக்கும் பெயர் போட்டுவிட முடியாது. பாலியல் குற்றங்களுக்கு ஆளான குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். சிறார் நீதிச் சட்டமும் அப்படியே. பெயரை விட்டுவிட்டு, பள்ளிச் சீருடையின் நிறத்தையும் பின்னால் தெரியும் கோயில் கோபுரத்தையும் அப்படியே விட்டால், அந்த ஊரில் யாருக்கும் அடையாளம் தெரிந்துவிடும். அத்தகைய படங்களை, எவ்வளவு நன்றாக இருந்தாலும், சுவரில் ஏற்ற மாட்டேன்.

பெயரே தெரியாத படங்களும் உண்டு. போபாலில் 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவுக்குப் பிறகு விஷவாயு கசிந்தது. அதை அடுத்து, மண்ணுக்குள் பாதி புதைந்த ஒரு குழந்தையின் முகத்தை ரகு ராயும் பாப்லோ பார்த்தலோமியூவும் படம் எடுத்தார்கள். பார்த்தலோமியூவின் படம் அந்த ஆண்டின் உலகச் செய்திப்பட விருதைப் பெற்றது. அந்தக் குழந்தை யாருடையது என்பது இன்றுவரை தெரியவில்லை. ஆனால் அந்தப் படம் வைக்கப்படும் இடத்தில் யூனியன் கார்பைடு என்ற பெயர் இருக்கிறது. உயிர்பிழைத்தவர்கள் தங்கள் போராட்டங்களில் அந்த முகத்தை ஏந்திச் சென்றபோதும் அந்த நிறுவனத்தின் பெயரைச் சேர்த்தே ஏந்தினார்கள். பாதிக்கப்பட்டவரின் பெயர் இல்லாதபோதும் பொறுப்பாளியின் பெயர் இருந்தாக வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது.

சில நேரங்களில் அரசே குறிப்பு எழுதிவிடுகிறது. வங்கதேசத்தில் அதிரடிப் படையினரின் பிடியில் இருந்தவர்கள் இறந்தபோதெல்லாம் ஒரே கதை வெளியிடப்பட்டது: ஆயுதம் மீட்க இரவில் அழைத்துச் சென்றோம், கூட்டாளிகள் சுட்டார்கள், இடையில் சிக்கி இறந்தார். அந்நாட்டுப் புகைப்படக்காரர் ஷாஹிதுல் ஆலம் 2010 மார்ச்சில் டாக்காவின் திரிக் கூடத்தில் இதைப் பற்றிய கண்காட்சியை வைத்தார். உடல்களோ ரத்தமோ கிடையாது; சம்பவம் நடந்ததாகச் சொல்லப்பட்ட இடங்களை நினைவூட்டும் இருண்ட காட்சிகள்தான். இருந்தும் திறப்பு நாளில் போலீசார் கூடத்தின் கதவை அடைத்தார்கள். விழா தெருவிலேயே நடந்தது. பிறகு வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஜூன் 12 அன்று சிட்டகாங் மலைப்பகுதியில் கடத்தப்பட்டு இன்றுவரை திரும்பாத பழங்குடி உரிமைப் போராளி கல்பனா சக்மாவுக்காக, அவருக்காகப் போராடுவோரின் முகங்களை லேசர் கதிரால் கோரைப்பாய்களில் சுட்டுப் பதித்து ஆலம் இன்னொரு கண்காட்சி வைத்தார். கல்பனா தூங்கியது அப்படியொரு பாயில். எந்தப் பொருளில் அச்சிடுகிறோம் என்பதும் குறிப்பின் ஒரு பகுதி என்பதை அதிலிருந்துதான் கற்றேன்.

2018 ஆகஸ்டில், மாணவர் போராட்டத்தைப் பற்றி ஊடகத்துக்குப் பேட்டி அளித்த பிறகு, ஆலம் கைதுசெய்யப்பட்டு நூறு நாட்களுக்கு மேல் சிறையில் இருந்தார். இப்படிப்பட்டவர்கள் கண்காட்சி வைப்பதை ஓய்வுநேரக் கலைப்பணி என்று நினைப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

குளிரூட்டிய கூடத்தில் மட்டும் படம் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1993 முதல் 2002 வரை பத்து மாநிலங்களில் எடுத்த, கிராமப்புறப் பெண்களின் உழைப்பைக் காட்டும் படங்கள் பஸ் நிலையங்களிலும் ரயில் நிலையங்களிலும் ஆலை வாசல்களிலும் வைக்கப்பட்டன. அதே வழியில் நாங்களும் ஃபிளெக்ஸில் அச்சிட்டுத் தொழிலாளர் குடியிருப்புகளுக்குக் கொண்டுபோகிறோம். நல்ல தாளில் வரும் கறுப்பின் ஆழம் ஃபிளெக்ஸில் வராது என்று படக்காரர்கள் வருந்துவார்கள். அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் அங்கே குறிப்பை வாய்விட்டுப் படிக்கிறார்கள். ஒருவர் படிக்க நாலு பேர் கேட்கிறார்கள். எழுதியதில் ஒரு விவரம் தவறினால் அந்த இடத்திலேயே திருத்துகிறார்கள். மாலை ஆறு மணிக்கு மேல்தான் கூட்டம் சேரும். ஆகவே விளக்குகளுக்குத் தனியாகச் செலவாகும். எம். பழனி குமார் தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையைப் படமாக்கியதோடு நில்லாமல், உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கேமராவைக் கொடுத்துப் பயிற்சியளித்து, அவர்களுடைய படங்களையும் கண்காட்சிக்குக் கொண்டுவந்தவர். அந்தப் படங்களுக்கு என்னைப் போன்ற ஒருவர் குறிப்பு எழுத வேண்டிய தேவையே இல்லை. எடுத்த பிள்ளைக்கே எல்லாம் தெரியும்.

பேச்சு நிகழ்ச்சிகளில் இன்னும் சரிசெய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. கேள்வி நேரத்தில் கைகள் உயர்ந்தால் பாதிப்பேர் புகைப்படக்காரரிடமே கேட்கிறார்கள், அதுவும் லென்ஸைப் பற்றி. எனவே முதல் அரை மணி நேரக் கேள்விகளைப் படத்தில் இருப்பவரிடம்தான் கேட்க வேண்டும் என்று முன்பே அறிவித்துவிடுகிறேன். அழவைக்கும் கேள்விகளை நானே நிறுத்துவேன்.

இன்னொன்று பணம். வார நாளில் பேச வருபவருக்கு ஒரு நாள் கூலி போய்விடுகிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யாரையாவது ஏற்பாடு செய்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வருகிறார்கள். அதனால் வரவுசெலவுக் கணக்கில் கூடத்தின் வாடகைக்கு முன்பாக அவர்களுடைய கூலியையும் பயணச் செலவையும் எழுதுகிறேன். நிதி தருபவர்களில் சிலர், பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுத்தால் சாட்சியத்தின் நம்பகத்தன்மை கெடாதா என்று கேட்கிறார்கள். புகைப்படக்காரரின் விமான டிக்கெட்டைப் பற்றி அவர்கள் அப்படிக் கேட்டதில்லை. இழந்த கூலியை ஈடுசெய்வது வேறு, சாட்சி சொல்லக் காசு தருவது வேறு என்று ஒவ்வொரு முறையும் விளக்கிக் கடிதம் எழுதுகிறேன். சிலர் ஏற்றுக்கொள்கிறார்கள். ஏற்காத இடங்களில் உள்ளூர்த் தொழிற்சங்கங்களிடம் கேட்கிறோம். அவர்கள் இதுவரை காரணம் கேட்டதில்லை.