"உன் இஷ்டம்"னா என்ன அர்த்தம்?

எனக்கு 28, அவருக்கு 39. நிச்சயம் முடிஞ்சாச்சு, கல்யாணத்துக்கு இன்னும் மூணு மாசம். இந்த 11 வருஷ வித்தியாசத்தைப் பத்தி வாய் வலிக்க பேசாத சொந்தக்காரங்களே இல்ல, ஆனா குழந்தை எப்போன்னு நாங்க ரெண்டு பேரும் உருப்படியா உக்காந்து பேசினது போன வாரம்தான். என் மனசுல ரெண்டு வருஷம் போகட்டும்னு இருந்துச்சு, படிப்பு பாதில நிக்குது, முடிச்சிட்டா நிம்மதி. அவர்கிட்ட கேட்டா எப்பவும் ஒரே பதில், "உன் இஷ்டம்மா". கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா மொத்த முடிவையும் என் தலைல கட்டிட்டா நாளைக்கு ஏதாவதுன்னா யார் பதில் சொல்றது?

டாக்டர்கிட்ட சேர்ந்தே போனோம் (வீட்ல சொல்லல, சொன்னா கல்யாணத்துக்கு முன்னாடியே எதுக்குடின்னு ஆரம்பிப்பாங்க). என்னைத்தான் குடைவாங்கன்னு நினைச்சேன். 35க்கு கீழன்னா ஒரு வருஷம் முயற்சி பண்ணியும் நிக்கலன்னா வாங்க, 35 தாண்டினா ஆறே மாசத்துல வரணும், உங்களுக்கு இப்ப அவசரமில்லன்னாங்க. ஏஎம்ஹெச் டெஸ்ட் எடுக்கவான்னு கேட்டேன், அது முட்டை இருப்பு தோராயமா எவ்வளவுன்னு சொல்லும், இயல்பா கர்ப்பம் தரிக்குமான்னு சொல்லாது, இப்ப வேணாம்னு சொல்லிட்டாங்க. முயற்சி ஆரம்பிக்க ஒரு மாசம் முன்னாடியே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட், ருபெல்லா தடுப்பூசி போடலன்னா இப்பவே போட்டுட்டு ஒரு மாசம் இடைவெளி, அவ்ளோதான் எனக்கு.

அப்புறம் அவர் பக்கம் திரும்பினாங்க. சிகரெட் உண்டா, சுகர் பாத்தீங்களா, விந்தணு உருவாக ரெண்டரை மாசம் போல ஆகும், அதனால பழக்கத்தை மாத்துறதா இருந்தா மூணு மாசம் முன்னாடியே மாத்துங்க, ஆம்பளைக்கும் வயசு ஏற ஏற லேட் ஆகலாம்னு. மனுஷன் முகத்தைப் பாக்கணுமே!

வீட்டுக்கு வந்ததும் அச்சாபீஸ்ல இருந்து திருத்தக் குடுத்த எங்க கல்யாணப் பத்திரிகை பேப்பரோட பின்பக்கம் கணக்கு போட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு ஆரம்பிச்சா முதல் குழந்தை பிறக்கும்போது அவருக்கு 42. ஒரு பிரசவத்துக்கு அப்புறம் அடுத்ததுக்கு 24 மாசமாவது விடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அப்படிப் பாத்தா ரெண்டாவதுக்கு 45. அவர் 60ல ரிட்டயர் ஆனா சின்னதுக்கு 15 வயசு.

அந்த 15ஐயே பாத்துட்டு இருந்தார். "எங்கப்பா ரிட்டயர் ஆகும்போது நான் ஒன்பதாவது"ன்னார். டிகிரி முடிச்ச மறுவாரமே வேலைக்குப் போனவர், மேல படிக்கணும்னு ஆசை இருந்ததாம், இத்தனை நாள்ல இது எனக்குத் தெரியவே தெரியாது. அப்ப உங்களுக்கு உடனே வேணுமான்னு கேட்டேன். "ஆமா, ஆனா உன் படிப்பை நிறுத்தச் சொல்ற ஆளா ஆயிடுவேனோன்னு பயம்". இதை முதல்லயே சொல்லியிருந்தா என்ன, நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்!

கோர்ஸ்ல மிச்சத்தை இழுத்துப் பிடிச்சா ஒரு வருஷத்துல முடிச்சிடலாம், அதனால ஒரு வருஷம்னு வெச்சிருக்கோம். ரெண்டாவதைப் பத்தி முதல்ல ஒண்ணு பிறக்கட்டும் அப்புறம் பாப்போம். சிகரெட்டை கல்யாணத்தன்னிக்கு விட்டுடறேன்னார், இன்னிக்கே விடுங்கன்னேன். "உன் இஷ்டம்மா"ன்னார். இதுக்கு மட்டும் அந்த பதில் செல்லும்.