பதினைந்து கட்டம்

"அப்பா, மாடு ஏப்பம் விட்டா உலகம் சூடாகுமாமே, நிஜமா?"

பள்ளியிலிருந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் பெரியவள் கேட்டாள். எட்டு வயது. நான் அப்போது ஒரு கோழிக்காலில் மிச்சமிருந்ததை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

"ஆமா" என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என் பிறவிக் குணம். மாட்டின் முதல் இரைப்பையில் நுண்ணுயிரிகள் புல்லை நொதிக்க வைக்கும், அப்போது பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களில் ஒன்றான மீத்தேன் உண்டாகும், அதில் பெரும்பகுதி வாய்வழியாகத்தான் வெளியேறும், எல்லோரும் நினைப்பதுபோலப் பின்வழியாக அல்ல என்று விளக்க ஆரம்பித்தேன். 'பின்வழி' என்ற சொல் காதில் விழுந்ததும் ஐந்து வயதுச் சின்னவன் பொம்மைக் காரைப் போட்டுவிட்டு ஓடிவந்து சபையில் உட்கார்ந்தான்.

கேட்க ஆள் கூடினால் எனக்கு வேகம் வந்துவிடும். பூர், நெமசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2018-ல் சயின்ஸ் இதழில் போட்ட கணக்கையும் எடுத்துவிட்டேன். 119 நாடுகள், ஏறக்குறைய 38,700 பண்ணைகள். இறைச்சிக்காகவே வளர்க்கும் மாட்டின் ஒரு கிலோ கறிக்கு வெளியாகும் பசுங்குடில் வாயு, ஒரு கிலோ பட்டாணிக்கு ஆவதைப்போல ஐம்பது மடங்குக்கும் மேல்.

"அப்போ நாம ஏம்ப்பா பட்டாணி சாப்பிடறதில்ல?"

கையில் கோழி எலும்பு. அது மாடு இல்லை என்று வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை. ஐந்து நிமிடத்தில், வாரத்தில் நான்கு நாள் காயும் பயறும் மட்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. மனைவி இரண்டு நிபந்தனை வைத்தாள். "பாலும் முட்டையும் இருக்கட்டும், பி12 செடி கொடியில கிடைக்காது. அப்புறம், அந்த நாலு நாளும் நீங்கதான் சமைக்கணும்."

முதல் வாரம் நான் கையாண்டது கள்ளக்கடத்தல். காலிஃபிளவரை வேகவைத்து, கூழாக அரைத்து, பாஸ்தா சாஸுக்குள் கலந்துவிட்டேன். பெரியவள் ஒரு வாய் வைத்தாள், நிறுத்தினாள், கரண்டியை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இதுக்குள்ள யாரோ இருக்காங்க." அதன் பிறகு ஒரு வாரம் குடிக்கிற தண்ணீரைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தாள்.

சரி, நேர்வழியில் போவோம் என்று கொஞ்சம் படித்தேன். இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை புது உணவைக் கண்டு மிரள்வது குழந்தைகளுக்கு இயல்பாம். ஒரே காயை எட்டிலிருந்து பதினைந்து தடவை வரை, வற்புறுத்தாமல், தட்டில் காட்டிக்கொண்டே இருந்தால் பல குழந்தைகள் படிந்துவிடுமாம். நாமோ மூன்றாவது தடவையிலேயே "இவனுக்குப் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். வற்புறுத்தல் பற்றி 2006-ல் ஒரு பரிசோதனையே நடந்திருக்கிறது. "சூப்பை முடி, முடி" என்று சொல்லப்பட்ட குழந்தைகள், சும்மா விடப்பட்ட குழந்தைகளைவிடக் குறைவாகவே குடித்தார்களாம், கூடவே சூப்பை நிறையத் திட்டினார்களாம்.

இதை வாய்விட்டுப் படித்தது தப்பு. பெரியவள் உடனே ஸ்கேலும் பென்சிலும் எடுத்துவந்து, ஒரு தாளில் பதினைந்து கட்டம் போட்டு, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். 'தம்பி - ப்ரோக்கோலி' என்று தலைப்பு. சட்டதிட்டமும் அவளே வகுத்தாள். முகர்ந்தால் அரைப் புள்ளி, நக்கினால் ஒரு புள்ளி. தின்றால் நட்சத்திரம்.

சின்னவன் முதல் நாள் நக்கினான். நக்கியதை நாகரிகமாக என் தட்டில் வைத்தான்.

எனக்குச் சமைப்பதில்கூடச் சிரமமில்லை. பேசாமல் இருப்பதுதான் முடியவில்லை. அவன் கை ப்ரோக்கோலிப் பக்கம் நகர்ந்தாலே என் கழுத்து நீள்கிறது, வாய் தானாகத் திறக்கிறது. "அவனைப் பாக்காதீங்க, உங்க தட்டைப் பாருங்க" என்று மனைவி அதட்டுவாள். என் தட்டில் பார்க்க என்ன இருக்கிறது, அவன் நக்கிவைத்த ப்ரோக்கோலிதான். 2022-ல் மட்டும் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு சொல்கிறது. என் வீட்டுப் பங்கு அதில் சேராமல் பார்த்துக்கொண்டது என் வயிறு. இரண்டு கிலோ கூடியிருக்கிறேன்.

ஆறாவது புள்ளி வாக்கில் பீட்ரூட் வந்தது. துண்டுபோட்டு, எண்ணெய் புரட்டி, ஓவனில் வைத்ததில் ஓரமெல்லாம் லேசாகக் கருகி இனித்தது. சின்னவன் ஒன்றை எடுத்தான், இன்னொன்றை எடுத்தான், கிண்ணத்தையே தன் பக்கம் இழுத்துக்கொண்டான். இரண்டு கிண்ணம்! உதடு, கன்னம், சட்டை, மேஜை விரிப்பு எல்லாம் சிவப்பு. வெற்றிக் களிப்பில் தூங்கப் போனேன்.

இரவு பதினொரு மணிக்குக் கழிவறையிலிருந்து அலறல். "அப்பா! எனக்குள்ள ரத்தம் வருது!"

ஓடினேன். பீங்கானில் பளிச்சென்று ரோஜா நிறம். எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. அடுத்த இரண்டு நிமிடத்தில் நான் செய்தவை: பையனை அரைக் கால்சட்டையோடு தோளில் போட்டேன், அவனுடைய மருத்துவ ஃபைலுக்குப் பதில் கேஸ் அடுப்பு உத்தரவாத ஃபைலை எடுத்தேன், மனைவியின் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று கார் சாவி எங்கே என்று கத்தினேன். சாவி வாயில் இருந்தது.

மனைவி கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ராத்திரி என்ன சாப்பிட்டான்?"

நான் சாவியை வாயிலிருந்து எடுத்தேன்.

பீட்டனின் என்ற நிறமி. எல்லோருக்கும் அது உடம்புக்குள்ளேயே சிதைந்துவிடுவதில்லை, நூற்றில் 10 முதல் 14 பேருக்குச் சிறுநீரில் அப்படியே வந்துவிடும். ஆபத்தில்லை. (பீட்ரூட் சாப்பிடாமல் சிவந்தால் மட்டும் தயங்காமல் மருத்துவரிடம் ஓடவும், சொந்தச் செருப்பில்.) சத்தம் கேட்டு எழுந்துவந்த பெரியவளுக்கு ஒரே அழுகை. அவளும் ஒரு கிண்ணம் தின்றிருக்கிறாள். "எனக்கு மட்டும் ஏன் வரல?"

மறுநாள் பள்ளியில் சின்னவன் இதை வகுப்பு முழுக்க அறிவித்திருக்கிறான். மாலை ஆசிரியையிடமிருந்து அழைப்பு. பீட்ரூட்டை விரும்பிக் கேட்பதற்கு எந்த ஆய்விலும் சொல்லப்படாத காரணம் ஒன்றை என் மகன் கண்டுபிடித்திருந்தான்.

கொண்டைக்கடலை இரவைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் வாயுத்தொல்லை குறையும் என்பது எனக்குத் தெரியாது, சத்து போய்விடுமே என்று அதிலேயே வேகவைத்தேன். பத்து மணிக்கு இருட்டில் சின்னவன் குரல் கேட்டது.

"அப்பா, உன்னோடதுலயும் மீத்தேன் இருக்குமா?"

"சில பேருக்கு இருக்கும். தூங்குடா."

"அப்போ உலகம்?"

பெரியவள் பேசாமல் எழுந்து ஜன்னலைத் திறந்தாள்.

மூன்று மாதமாகிறது. பட்டாணி நிரந்தரமாகிவிட்டது, பீட்ரூட்டுக்குக் காரணம் ஏற்கெனவே சொன்னேன், ப்ரோக்கோலி பன்னிரண்டாவது கட்டத்தில் நிற்கிறது. போன மாதம் மனைவி போகிறபோக்கில், "உங்கப்பா மட்டும் என்னவாம், ஒன்பது வயசுலேர்ந்து கத்தரிக்காயைத் தொட்டதில்ல" என்று போட்டுக்கொடுத்துவிட்டாள். அன்று மாலையே ஃபிரிட்ஜில் இரண்டாவது தாள் ஏறியது.

நேற்று ஏழாவது தடவை. என் தட்டின் ஓரத்தில் ஒரே ஒரு துண்டு, வழவழவென்று, ஊதாத் தோலோடு. யாரும் எதுவும் சொல்லவில்லை. மூன்று பேரும் தத்தம் தட்டையே வெறித்துக்கொண்டிருந்தார்கள். சின்னவனுக்குத்தான் தாங்கவில்லை, கழுத்து மெல்ல நீண்டது. மேஜைக்கடியில் அக்காவின் கால் அவனைத் தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது.

நக்கினேன். அதோடு விடாமல் ஒரு ஓரம் கடித்தும் விட்டேன். விழுங்கிவிட்டு நிமிர்ந்தால், பெரியவள் ஏற்கெனவே பென்சிலோடு ஃபிரிட்ஜ் பக்கத்தில் நிற்கிறாள்.

"நட்சத்திரம்தானே?" என்றேன்.

"மூக்கைப் பிடிச்சுக்கிட்ட. அரைப் புள்ளி."