பரணில் இருந்து இறங்கிய நூல்

ஞாயிற்றுக்கிழமை பரணில் இருந்த நூல் பெட்டியை இறக்கிக் கூடத்தில் கொட்டினேன். கம்பளி உருண்டைகள் 14, அப்புறம் நானே நூற்ற பருத்தி நூல் கற்றைகள், அதாவது சிட்டங்கள் 6. வேலூர் வெயிலில் கம்பளி எதற்கு என்று அம்மா கேட்காத நாளில்லை. ஏலகிரிக்குப் போகிற அக்கா பையனுக்கு ஒரு குல்லா, அதோடு சரி. அதனால்தான் பருத்திக்கு வந்தேன்.

பருத்தி இழை குட்டை, ஒரு அங்குலம், கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், அதனால் முறுக்கு நன்றாக ஏறினால்தான் நூல் நிற்கும். தக்ளி என்கிற சின்ன நூற்புக் கதிரைக் கொட்டாங்கச்சியில் நிறுத்திச் சுற்றிவிட்டு, பஞ்சுத் திரியை இடது கையால் மெல்ல மேலே இழுக்கும்போது, விரல்களுக்கு நடுவே இழை மெலிந்து மெலிந்து, இதோ அறுந்தது என்று நினைக்கிற அந்த நொடியில் முறுக்கு ஓடிவந்து பிடித்துக்கொள்ளும். அதற்காகவே தினமும் அரை மணி நேரம் உட்காருகிறேன்.

முதல் சிட்டத்தை அவசரப்பட்டு அப்படியே பின்னியதில் துண்டு ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. மனசே கேட்கவில்லை, பிரித்துவிட்டேன். இப்போது சிட்டத்தை நான்கு இடத்தில் கட்டி, தண்ணீரில் கொதிக்கவைத்து முறுக்கை அடக்கி, இரண்டு இழைகளை எதிர்த்திசையில் சேர்த்து முறுக்கிய பிறகே ஊசியைத் தொடுகிறேன்.

குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற சொந்தக்காரர் வீட்டில் தறியில் மிஞ்சிய கரும்பச்சை நூல் கொடுத்தார்கள். அதையும் என் வெள்ளை நூலையும் சேர்த்து அம்மாவுக்கு ஒரு மேல்துண்டு ஆரம்பித்திருக்கிறேன். 42 கண்ணிகள், இன்னும் ஒரு சாண்கூட ஏறவில்லை.