பலுகுப் பல்லும் புல்தரையும்

எங்கள் வீட்டின் முன்புறம் ஏறத்தாழ 600 சதுர அடியில் கொரியன் புல் வளர்க்கிறோம். வீடு கட்டியபோது ஜல்லியும் செங்கலும் ஏற்றி வந்த லாரிகள் நின்ற இடம் அது. மேலே நான்கு அங்குலச் செம்மண் பரப்பிப் புல்லைப் பதித்தோமே தவிர, அடியில் இறுகிக் கிடந்த மண்ணை யாரும் கிளறவில்லை. மூன்றாம் ஆண்டில் புல் மஞ்சளித்து ஆங்காங்கே சொட்டை விழுந்தது. பாய்ச்சிய தண்ணீர் கால் மணி நேரமாகியும் வடியாமல் நின்றது.

நல்ல மண்ணில் ஏறத்தாழ பாதிதான் திடப்பொருள். மறுபாதி காற்றும் நீரும் தங்கும் இடைவெளி. மண் மிதிபடும்போது முதலில் நசுங்குவது காற்று உலவும் பெரிய இடைவெளிகளே என்பதால், வேர் கீழே இறங்க வழியின்றி மேலாகவே படர்ந்து, இரண்டு நாள் வெயிலுக்கே வாடிவிடுகிறது. நான் இட்ட உரமெல்லாம் வீணானதன் காரணம் இதுதான்.

பழைய மாட்டுச் சாளையில் அப்பாருவின் (தாத்தாவின்) பலுகு சாய்ந்து கிடந்தது. மானாவாரிக் காட்டில் விதையை மூடவும் களையைக் கிளறவும் மாடு பூட்டி ஓட்டிய, மரச் சட்டத்தில் இரும்புப் பற்கள் இறங்கிய கருவி. அதை இரண்டு பேர் சேர்ந்து புல்தரையின் மேல் இழுத்துப் பார்த்தோம். அது தவறு. பற்கள் மண்ணுக்குள் இறங்காமல் புல்லைப் பாய் பாயாக உரித்தன. காற்றோட்டத்துக்கு வேண்டியது கோடு அல்ல, நேராக இறங்கும் துளை.

பிறகு பற்களைக் கழற்றி, கொல்லுப்பட்டறையில் முனை தட்டி, மிதிகட்டை வைத்த இரும்புச் சட்டத்தில் நான்கைப் பொருத்தினேன். என் எடை நான்கு முனைகளுக்கும் பிரிந்ததால் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை. இரண்டைக் கழற்றியதும் மூன்று அங்குலம் இறங்கியது. கார் திரும்பும் ஓரத்தில் அதுவும் பலிக்காமல், கடப்பாரையின் கூர்முனையால்தான் குத்த வேண்டியிருந்தது.

கருவியைவிட முக்கியமானது பதம். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டி, "புடிச்சா உருண்டையா நிக்கோணும், தட்டுனா உதுரோணும், அப்பக் குத்துங்க" என்றார். ஏர் பூட்டும் பதமும் இதுவே. சேறாக இருக்கும்போது குத்தினால் துளையின் சுவர் மெழுகியதுபோல் வழவழப்பாகி அடைத்துக்கொள்ளும். காய்ந்த மண்ணிலோ முனை இறங்காது. ஆகவே ஆடிச் சாரல் நின்ற இரண்டாம் நாள், புல் வேகமாக வளரும் காலம் பார்த்து, அரையடிக்கு ஒன்றாகத் துளையிட்டேன்.

கூர்முனை மண்ணை வெளியே எடுப்பதில்லை. பக்கவாட்டில் தள்ளி அங்கே சற்று இறுக்கவும் செய்கிறது. களிமண் தரையாக இருந்தால், மண்ணைக் குச்சி குச்சியாகப் பிடுங்கி எடுக்கும் உள்ளீடற்ற குழாய்க் கருவியே நல்லது. எங்கள் செம்மண்ணில், குத்திய பின் கம்பியை முன்னும் பின்னும் லேசாக நெம்பி விரிசல் விட வைத்ததே போதுமானதாக இருந்தது. பிறகு சலித்த மணலையும் மக்கிய சாணத்தையும் கலந்து தூவி, சீமாற்றால் துளைகளுக்குள் தள்ளினேன்.

ஆறு வாரத்தில் நடுப்பகுதிச் சொட்டைகள் மூடிக்கொண்டன. தண்ணீரும் ஓரிரு நிமிடத்தில் உள்ளே இறங்கிவிடுகிறது. கார் திரும்பும் ஓரம் மட்டும் இன்னும் இளகவில்லை. ஐப்பசி மழை ஓய்ந்து பதம் வந்ததும் கடப்பாரையோடு அங்கே மறுபடி இறங்க வேண்டும்.