முப்பது நாள் கெடுவும் உப்புக் காற்றும்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரையுள்ள எங்கள் கடற்கரையில் வீட்டை அடமானம் வைத்துக் கடன் பெற்றவர் தவணை கட்டத் தவறினால், வங்கிகள் பெரும்பாலும் நாடுவது, வழக்குத் தொடராமலே ஈட்டுச் சொத்தை எடுத்து விற்றுக் கடனை மீட்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டத்தைத்தான். நிலுவை 90 நாள்களைத் தாண்டினால் அது வாராக்கடன். அதன்பின் 13(2) பிரிவின்படி 60 நாள் அவகாசத்துடன் அறிவிப்பு. அதுவும் கடந்தால், வீட்டை வங்கி தன் வசம் எடுப்பதாகச் சொல்லும் சுவாதீன அறிவிப்பு கதவில் ஒட்டப்படும். குடியிருப்பவர் வீட்டை ஒப்படைக்க மறுத்தால், 14ஆம் பிரிவின் கீழ் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ வங்கி உதவி கேட்டு மனுச் செய்ய வேண்டும். வங்கிப் பணியில் இத்தகைய கோப்புகளைச் சுமந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அதுவரை நாள் கணக்கில் நகர்ந்த விவகாரம், இந்த இடத்தில் மாதக் கணக்குக்கு மாறிவிடுகிறது.

சட்டம் காலக்கெடு வைக்காமல் இல்லை. கடன் தொகை, அறிவிப்பு கொடுத்த விவரம் முதலியவற்றை உறுதிசெய்து வங்கி அலுவலர் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுத் திருத்தம் கூறியது. மனு வந்த 30 நாளுக்குள் உத்தரவிட வேண்டும், இயலாவிட்டால் காரணத்தை எழுத்தில் பதிந்து மொத்தம் 60 நாள் வரை நீட்டிக்கலாம் என்று 2016ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்தது. ஆனால் இக்கெடு வழிகாட்டும் தன்மையுடையதே, கட்டாயமானதன்று என்று சி. பிரைட் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதிகாரி தாமதித்ததற்காகக் கடன் கொடுத்தவர் தன் பரிகாரத்தை இழக்கக் கூடாது என்ற அதன் தர்க்கம் நியாயமானதே. எனினும், கெடு தவறினால் எதுவும் நேராது என்று தெரிந்தபின் கோப்பை அவசரமாகப் புரட்டுபவர் யார்?

இத்தனைக்கும் 14ஆம் பிரிவில் வழக்கைத் தீர்ப்பதற்கு எதுவும் இல்லை. ஆவணங்கள் ஒழுங்காக உள்ளனவா என்று பார்த்துச் சுவாதீனம் எடுக்க உதவுவது மட்டுமே அங்குள்ள வேலை என்பதை உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவுபடுத்தியது. கடனாளியின் ஆட்சேபத்துக்கு உரிய இடம் மதுரையிலுள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயம், அங்கே முறையிட 45 நாள் உண்டு. அப்படியிருந்தும் மனு வட்டாட்சியர் அறிக்கைக்குப் போகிறது, வாய்தா மேல் வாய்தா விழுகிறது. உத்தரவு வந்த பின்னரும், சுவாதீனம் எடுக்க நியமிக்கப்படும் வழக்கறிஞர் ஆணையருக்கும் காவல் துறைக்கும் ஒரே நாள் பொருந்தி வரவேண்டும். திருவிழாவோ தேர்தலோ குறுக்கிட்டால் அந்த நாளும் தள்ளிப்போகும்.

தாமதம் கடனாளிக்கு நல்லது என்று ஊரில் பலர் நம்புகிறார்கள். கூடுதலாகச் சில மாதம் சொந்த வீட்டில் இருக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் வட்டி நிற்பதில்லை. கீழக்கரையிலோ மண்டபத்திலோ, பறிபோகப் போகும் வீட்டுக்கு யாரும் பூச்சு வேலை பார்ப்பதில்லை. உப்புக் காற்றில் கம்பி துருவேறிக் கான்கிரீட் பிளந்த வீட்டுக்கு ஏலத்தில் விலை இறங்கும். விற்ற தொகை போதாவிட்டால் மீதிக்காக அதே கடனாளியின் மீது வங்கி வழக்குத் தொடரலாம்.

கடனைத் திருப்பாதவர் எல்லாரும் ஏமாற்றுபவர் என்பது என் வாதமன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது. அதற்கு முன்போ பின்போ ஒரு மாதம் தொழில் கெட்டாலே அந்த 90 நாள் கணக்கு நிறைந்துவிடும். படகு இலங்கைக் கடற்படையிடம் சிக்கினால் முதலே போயிற்று. இதில் ஒரு முரணும் உண்டு: படகு மீதான பிணையத்தைச் சர்பாசி சட்டத்தின் 31ஆம் பிரிவு விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே படகுத் தொழிலுக்கு வாங்கிய கடனாயினும், இச்சட்டத்தின் வழியே வங்கியின் கை நீளுவது ஈடாக வைத்த வீட்டின் மேல்தான். இப்படிப்பட்டவருக்கு வேண்டிய அவகாசம் 13(2) அறிவிப்புக்கு முன்பே, தவணையை மாற்றியமைக்கும் மேசையில் வங்கியாலேயே தரப்பட வேண்டியது. 14ஆம் பிரிவு மனுவைக் கிடப்பில் போட்டு அதைத் தர முடியாது. அந்த மனு 30 நாளைத் தாண்டும்போது, சட்டம் ஏற்கெனவே கேட்கும் அந்தக் காரணத்தை ஒரு வரியிலாவது எழுதி, இரு தரப்புக்கும் நகல் கொடுத்தால் போதும். அதற்குப் புதிய திருத்தம் எதுவும் தேவையில்லை.